பெயர் சுட்டலும் பெயர் மறைத்தலும்: வழக்கறிஞர் ஒழுங்கு விசாரணையில் வெளிப்படையும் அந்தரங்கமும்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் பேச்சுவழக்கில் 'பேர்' என்னும் சொல்லுக்கு ஒருநாள் கூலி என்ற பொருளும் உண்டு. நிறுவை குறைந்தவருக்கு 'அரைப்பேர்' போட்டார்கள் என்பர். அதாவது பாதிநாள் கூலியே கணக்கில் ஏறியது. பட்டியலில் பெயர் ஏறினால்தான் கூலி என்ற நடைமுறையிலிருந்து இப்பொருள் கிளைத்திருக்க வேண்டும். மலாயாத் தோட்டங்களிலும் விடியற்காலைப் 'பெரட்டு' என்பது பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் நிகழ்ச்சியே. பலர் முன்னிலையில் உரக்கச் சொல்லப்பட்ட பெயருக்கு அன்றைய பிழைப்பு உறுதி.

வழக்கறிஞர் தொழிலும் இத்தகைய பட்டியல் ஒன்றின்மீதே நிற்கிறது. உயர்நீதிமன்றத்தின் பதிவேட்டில் பெயர் இருப்பவரே வழக்கறிஞர். அப்பெயர் நீக்கப்பட்டால் அவருடைய படிப்பும் அறிவும் அப்படியே இருக்க, பிழைப்பு மட்டும் போய்விடும். ஆகவே வழக்கறிஞர்மீது முறையீடு எழும்போது, அவ்விசாரணை ஊரறிய நடக்க வேண்டுமா, மூடிய அறைக்குள் நடக்க வேண்டுமா என்ற வினா எளிதானதன்று. சட்ட அறிஞர்கள் இதனைச் சட்ட நோக்கில் பலபட ஆராய்ந்துள்ளனர். நாம் மொழியியல் பயின்றவர். இவ்வினாவின் நடுவே பெயர் என்னும் மொழிக்கூறு இருப்பதனால் இதில் நமக்கும் சொல்ல ஒன்று உண்டு என்று கருதுகிறோம்.

மலேசியாவின் நடைமுறையை முதலில் சுருக்கமாகக் காண்போம். தீபகற்ப மலேசியாவில் வழக்கறிஞர் தொழிலை ஆள்வது 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம். முறையீடுகளை ஏற்று முடிவு செய்வது வழக்கறிஞர் ஒழுங்கு வாரியம். முறையீடு எழுத்தில் அமைய வேண்டும். மேல்விசாரணை தேவை என வாரியம் கருதினால் ஒழுங்குக் குழு ஒன்று அமைக்கப்படும். அதில் வழக்கறிஞர் அல்லாத பொதுமகன் ஒருவருக்கும் இடம் உண்டு. குற்றம் மெய்ப்பட்டால் கண்டனம், தண்டப் பணம், ஐந்தாண்டுக்கு மேற்படாத தொழில் இடைநீக்கம், பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம் ஆகியவை விதிக்கப்படலாம். முடிவை ஏற்காதவர் உயர்நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

இவ்வழியில் வெளிப்படையின் அளவு படிக்குப் படி மாறுகிறது. முறையீடும் குழு விசாரணையும் பொதுமக்கள் வந்து அமரும் அரங்கில் நடைபெறுவன அல்ல. இடைநீக்கம், பெயர் நீக்கம் முதலிய ஆணைகள் வழக்கறிஞரின் பெயரோடு அறிவிக்கப்படுகின்றன. மேல்முறையீடு உயர்நீதிமன்றத்தை அடைந்ததும் கதவு முழுவதும் திறந்துவிடுகிறது. ஏனெனில் 1964ஆம் ஆண்டின் நீதிமன்றங்கள் சட்டப்படி நீதிமன்றம் பொதுமக்கள் வரத்தக்க திறந்த இடம். நீதியின் நலன், பொதுப் பாதுகாப்பு, நாகரிகம் போன்ற காரணங்களுக்காகவே அதனை மூடலாம்.

மூடிய அறை விசாரணையைச் சட்டத்தார் 'இன் கேமரா' என்பர். 'கேமரா' என்பது இலத்தீனில் அறையைக் குறிக்கும் சொல். நம் மொழிபெயர்ப்பு வகுப்பில் மாணவர் ஒருவர் இதனைப் 'படப்பிடிப்புக் கருவியின் முன் விசாரணை' என்று பெயர்த்துவிட்டார். ஒரே சொல் நேர்எதிர்ப் பொருளுக்குப் போய்ச் சேர்ந்ததை எண்ணி அன்று வகுப்பே சிரித்தது. சட்டத்தமிழ் தெளிவாக இராத இடத்தில் இது சிரிப்போடு முடியாது என்பதையும் நாம் பின்னர்க் கண்டோம்.

1990களின் நடுப்பகுதியில் தோட்டத்தமிழ் வழக்குச் சொற்களைத் திரட்டும் களப்பணிக்காகக் கேமரன் மலைக்குச் சென்றிருந்தோம். 1929இல் ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தை நிறுவியதிலிருந்து, ரிங்லெட்டுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே உள்ள மலைச்சரிவுகளில் தேயிலையோடு தமிழும் வேரூன்றியிருந்தது. எந்தத் தோட்டம் என்பதை இங்குக் கூறாமல் விடுகிறோம். காரணம் பின்னர் விளங்கும். ஒரு மாலையில் கொழுந்து எடுக்கும் பெண்மணி ஒருவர் நம்மைத் தம் லயத்து வீட்டுக்கு அழைத்துச் சென்று, தகரப் பெட்டியிலிருந்து ஆங்கிலக் கடிதம் ஒன்றை எடுத்துத் தந்தார். படிக்கத் தொடங்கியதும் கையமர்த்தினார்.

"சத்தமா படிக்காதீங்க சார். செவுத்துக்கு அந்தாண்ட ஆளு இருக்கு."

லயத்து வீடுகளின் இடைச்சுவர் குரலைத் தடுப்பதில்லை. நாம் தாழ்ந்த குரலில் படித்துப் பொருள் கூறினோம். அவருடைய கணவர் சாலை விபத்தில் இறந்திருந்தார். இழப்பீட்டுக்காக வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தியிருந்தார். காப்புறுதி நிறுவனம் பணத்தைச் செலுத்திவிட்டது; கணக்கு முடிக்கப்பட்டது; இதுவே கடிதத்தின் செய்தி. எவ்வளவு பணம், எவரிடம் சேர்ந்தது என்பவை அதில் இல்லை. அம்மையாருக்கு ஒரு வெள்ளியும் வந்து சேரவில்லை. கடிதம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அதுவரை அதனை அவர் எவரிடமும் காட்டவில்லை. அக்கம்பக்கத்தில் படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் இல்லை. அவர்கள் தெரிந்தவர்கள் என்பதே தடையாக இருந்தது.

எழுத்தில் முறையிடலாம், நாமே எழுதித் தருகிறோம் என்றோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "பேரு வெளிய வருமா சார்?" என்று கேட்டார். வழக்கறிஞருடைய பெயரையா கேட்கிறீர்கள் என்றதற்கு, "எம்பேரு" என்றார். பணம் வந்தது என்று தெரிந்தால் கணவரின் உடன்பிறந்தார் பங்கு கேட்பர். வரவில்லை என்றால் நம்பமாட்டார்கள். ஏமாந்தவள் என்ற பேச்சு மகளின் திருமணம்வரை தொடரும். விசாரணை எங்கே நடக்கும், யார் இருப்பார்கள், தாளில் வருமா என்ற அவருடைய வினாக்களுக்கு அன்று நம்மிடம் உறுதியான விடை இல்லை. முனைவர் பட்டம் பெற்றிருந்த நமக்கே தெரியாதது அவருக்கு எங்ஙனம் தெரியும்? முறையீடு எழுதப்படவில்லை. ஈராண்டு கழித்து மீண்டும் சென்றபோது, பக்கத்துத் தோட்டத்துக் குடும்பம் ஒன்று அதே வழக்கறிஞரிடம் விபத்து வழக்கை ஒப்படைத்திருப்பதை அறிந்தோம். அவர்களை எச்சரிக்க ஒரு பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொன்னால் எவர் வழியாகத் தெரிந்தது என்பதும் உடனே விளங்கிவிடும். என்ன செய்தோம் என்பதை எழுத நமக்கு விருப்பமில்லை.

இந்நிகழ்ச்சியில் இரண்டு பெயர்கள் உள்ளன. பொதுவாக இத்தலைப்பில் எழுதுவோர் வழக்கறிஞரின் பெயர் ஒன்றையே கருதி வாதிடுகின்றனர். உறுதிப்படாத பழி ஊரில் பரவினால் குற்றமற்றவரின் தொழில் அழியும், ஆகவே மூடுக என்பர் ஒரு சாரார். மூடினால் தொழிலார் தம்முள் ஒருவரைத் தாமே காப்பாற்றிக்கொள்வர் என்ற ஐயம் எழும், ஆகவே திறக்க என்பர் மற்றொரு சாரார். இரண்டும் மெய்யே. ஆனால் முறையிடுபவரின் பெயர் இவ்வாதத்தில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

திறந்த நீதி என்னும் கோட்பாட்டுக்கு எடுத்துக்காட்டாக உலகெங்கும் சுட்டப்படும் ஸ்காட் எதிர் ஸ்காட் வழக்கின் பின்னணியும் ஒரு பெண்ணின் பெயரே. மூடிய அறையில் நடந்த, திருமணம் செல்லாதென அறிவிக்கக் கோரிய வழக்கு அது. கணவர் தம்மைப் பற்றிக் கூறிவந்ததை மறுக்க, விசாரணைக் குறிப்பின் படிகளை மனைவி கணவரின் தந்தை உள்ளிட்ட சிலருக்கு அனுப்பினார். அது நீதிமன்ற அவமதிப்பு எனத் தீர்ப்பாயிற்று. 1913இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை அதனைத் தள்ளி, நீதி திறந்த அவையில் நடைபெறுவதே முறை, மூடுவது விலக்கு என்று நிலைநாட்டியது. அப்பெண்மணி தம் பெயரைக் காக்கத் திறப்பை நாடினார். கேமரன் மலைப் பெண்மணி தம் பெயரைக் காக்க மூடலை நாடினார். வெளிப்படையும் அந்தரங்கமும் எதிர் எதிர்த் தட்டுகளில் வைத்து நிறுக்கத்தக்கன என்ற உவமை இங்கேயே தளர்ந்துவிடுகிறது.

தமிழ் இலக்கண மரபு இச்சிக்கலை வேறொரு களத்தில் நுட்பமாகக் கண்டுள்ளது. அகத்திணையில் தலைமக்கள் எவருடைய இயற்பெயரும் சுட்டப்படலாகாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. பெயர் சுட்டப்பட்டால் அது புறத்தின்பாற்படும். ஒருவரின் உள்வாழ்வைப் பேசலாம். அவர் இன்னார் என்று பேசலாகாது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் மன்னனின் பெயர் யாண்டும் இல்லை. பிரிவால் வாடும் தலைவியைப் பாடும் அப்பாட்டு அகமாக இருந்திருக்கலாம். ஆயினும் பாசறைக் காட்சியில் வேப்பம் பூத்தழை கட்டிய வேல் ஒன்று வருகிறது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. அவ்வொரு குறிப்பு தலைவனை இன்னான் என்று காட்டிவிட்டமையால் அப்பாட்டு புறம் என உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொண்டார்.

இன்றைய சட்டத்துறை இதிலிருந்து கற்கத்தக்கது ஒன்று உண்டு. பெயரை நீக்கிவிட்டால் ஆள் மறைந்துவிடுவதில்லை. அறிக்கையொன்றில் முறையீட்டாளர் பெயருக்கு மாறாக ஓரெழுத்தை இட்டு, 'கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பணியாற்றுபவர், கணவரைச் சாலை விபத்தில் இழந்தவர், ஒரு மகள் உடையவர்' என்று எழுதினால், கோலாலம்பூரில் படிப்பவருக்கு அவர் எவரோ ஒருவர். அந்த லயத்தில் இருப்பவருக்கோ வேப்பந்தழை கட்டிய வேல் அது. மறைத்தல் என்பது எவரிடமிருந்து மறைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நகரத்தார்க்குப் போதுமான மறைப்பு, நூறு குடும்பம் வாழும் மலைத்தோட்டத்துக்குப் போதாது. மேலே கூறிய நிகழ்ச்சியிலும் இரண்டு அடையாளங்களை மாற்றியே எழுதியுள்ளோம். எவை என்று கூறமாட்டோம்.

வழக்கறிஞரின் பெயரை வெளியிடுவதிலும் மொழிச்சிக்கல் உண்டு. மலேசிய இந்தியரின் ஆவணப் பெயரில் 'அனாக் லெலாகி', 'அனாக் பெரெம்புவான்' என்னும் மலாய்த் தொடர்களின் சுருக்கம் நடுவே நிற்கும். முன்னது மகன், பின்னது மகள் எனப் பொருள்படும். குடும்பப் பெயர் இல்லாத நம் மரபில் தந்தையின் பெயரே அடையாளத்தை நிறைவு செய்கிறது. ஆகவே ஒருவர்மீது ஆணை வெளியாகும்போது, எக்குற்றமும் அறியாத தந்தையின் பெயரும் அதே வரியில் ஏறுகிறது. அதனை விட்டுவிடலாமே எனின், வேறு இடர் உண்டு. கணேசன், சரவணன் போன்ற பெயரை மட்டும் வெளியிட்டால் அப்பெயருடைய வழக்கறிஞர் அனைவர்மீதும் ஐயம் படரும். இங்கு முழுப்பெயரும், தொழில் நடத்திய நிறுவனமும் ஊரும் வெளியிடப்படுவதே பிறருடைய மானத்துக்குக் காப்பு. முறையீட்டாளரைப் பொறுத்தவரை விவரம் கூடக்கூட அந்தரங்கம் குறைகிறது. தண்டனை பெற்ற வழக்கறிஞரைப் பொறுத்தவரை விவரம் குறையக் குறைய ஒரே பெயருடைய மற்றவர்களுக்குக் கேடு கூடுகிறது.

விசாரணை முடியும்வரை மூடிவைத்தால் பழி பரவாது என்ற எண்ணமும் ஆராயத்தக்கது. அகப்பொருள் மரபில் அம்பல், அலர் என இருவகை ஊர்ப்பேச்சு உண்டு. அம்பல் என்பது முகிழ்ப்பு நிலை. சிலர் குறிப்பாகப் பேசுவது. அலர் என்பது மலர்ந்த நிலை. இன்னாரோடு இன்னார் என வெளிப்படையாகப் பேசுவது. மூடிய விசாரணை அலரைத் தடுக்கலாம், அம்பலைத் தடுக்காது. சின்ன ஊரில் ஒரு வழக்கறிஞர்மீது முறையீடு போயிருக்கிறது என்பது எப்படியும் கசியும். அது பொய்யென முடிந்தால் அம்முடிவு கசிவதில்லை. முகிழ் அப்படியே நின்றுவிடுகிறது. எனவே, முறையீடு தள்ளப்பட்ட வழக்கறிஞர் விரும்பினால் அம்முடிவைப் பெயரோடு வெளியிடும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும் என்பது நம் கருத்து. விரும்பாவிடில், பெயரின்றி, எத்தகைய முறையீடு எக்காரணத்தால் தள்ளப்பட்டது என்ற சுருக்கமேனும் வெளிவரலாம். தள்ளப்பட்டவற்றின் காரணம் தெரியாத இடத்தில், வாரியம் தன்னவரைக் காக்கிறது என்ற பேச்சு எழுவது இயல்பு.

பிற நாடுகளின் வழக்கம் ஒருபடித்தானதன்று. இங்கிலாந்தில் வழக்குரைஞர் ஒழுங்குத் தீர்ப்பாயம் பொதுவாகத் திறந்தே நடைபெறும். சிங்கப்பூரில் ஒழுங்குத் தீர்ப்பாயம் மூடியும், அதன்பின் வரும் மூன்று நீதிபதிகள் அடங்கிய நீதிமன்றம் திறந்தும் விசாரிக்கின்றன. இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகளின்படி, முறையிட்டவர் சமரசமாகி விலகிக்கொண்டாலும் விசாரணை நின்றுவிடாது. இவ்விதியை நாம் பெரிதும் மதிக்கிறோம். பணத்தைத் திருப்பித் தந்து வாயை அடைக்கும் வழி அதனால் குறுகுகிறது.

சிங்கப்பூரில் 2022 ஏப்ரலில் நடந்தது ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துரைக்கத் தக்கது. வழக்கறிஞராகப் பதிவு பெறும் தறுவாயில் இருந்த ஆறு பயிற்சியாளர்கள், 2020ஆம் ஆண்டுத் தொழில்தகுதித் தேர்வில் ஏமாற்றியது தெரியவந்தது. உயர்நீதிமன்ற நீதிபதி சூ ஹான் டெக் அவர்களுடைய பதிவைத் தள்ளிவைத்தார். இளையோர்க்கு மறுவாய்ப்பு அமைய வேண்டும் என்ற நோக்கில் அவர்களின் பெயர்களை மறைத்தார். பொதுமக்களிடையே பெரும் விவாதம் எழுந்தது. மறைக்கக் காரணம் போதாது என வாதிடப்பட்டது. சில நாட்களில், 27 ஏப்ரல் அன்று, அவரே தம் ஆணையை மாற்றிப் பெயர்களை வெளியிடச் செய்தார். முதல் ஆணையில் இரக்கம் இருந்தது. அதனை நாம் குறை கூறமாட்டோம். ஆயினும் பிறருடைய பணத்தையும் மறைபொருளையும் கையேற்கும் தொழிலுக்குள் நுழைபவரின் நேர்மை பற்றிய முடிவு அவருடைய அந்தரங்கம் ஆகாது. பெயர் மறைக்கப்பட்ட நாட்களில் ஐயம் அவ்வாண்டுப் பயிற்சியாளர் எல்லார்மீதும் விழுந்திருக்கும் என்பதும் எண்ணத்தக்கது.

மலேசியாவில் அந்தரங்கத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று சிலர் கருதுவர். சிவராசா ராசையா எதிர் மலேசிய வழக்கறிஞர் மன்றம் என்ற வழக்கு 2010ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் பதிவாகியுள்ளது. அரசியல் கட்சிப் பொறுப்பிலோ நாடாளுமன்றத்திலோ இருப்பவர் வழக்கறிஞர் மன்றக் குழுவில் இடம்பெறலாகாது என்ற விதியை எதிர்த்த வழக்கு அது. அவ்விதி செல்லும் எனக் கூட்டரசு நீதிமன்றம் முடிவு செய்தது. ஆனால் போகிற போக்கில், அரசமைப்பின் ஐந்தாம் பிரிவு கூறும் தனிமனிதச் சுதந்திரத்துள் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதினார். வழக்கறிஞர் தொழில் பற்றிய வழக்கிலேயே அக்கருத்து இடம்பெற்றது பொருத்தமாகவே அமைந்தது. அவ்வுரிமை வழக்கறிஞருக்கு உரியதேல், கொழுந்துக் கூடையோடு நிற்பவருக்கும் உரியது.

ஒழுங்கு நடவடிக்கையின் பயன் தண்டனையோடு முடிவதில்லை. வழக்கறிஞரின் நேர்மையின்மையால் பணம் இழந்தவருக்கு உதவ, அதே சட்டத்தின்கீழ் இழப்பீட்டு நிதி ஒன்றும் உண்டு. இதனை அறிந்த தோட்டத் தொழிலாளரை நாம் சந்தித்ததில்லை. நீதிமன்ற மொழி மலாய். வழக்கறிஞர் கடிதங்கள் மிகுதியும் ஆங்கிலம். லயத்தின் மொழி தமிழ். இன்று கேமரன் மலையில் தேயிலை எடுப்போருள் வங்காளதேசத்தாரும் நேபாளத்தாரும் பலர். அவர்களுடைய நிலை இன்னும் இடர்ப்பாடானது. பெயர் நீக்க ஆணை ஒன்று வெளியாகிறது. ஆனால் அவ்வழக்கறிஞரிடம் அடுத்துச் செல்லவிருப்பவர் அதனைப் படிக்க இயலாது எனின், அவரைப் பொறுத்தவரை அந்த ஆணை மூடிய அறைக்குள்ளேயே இருக்கிறது. முறையீடு எங்கே செல்லும், யார் இருப்பர், எவருடைய பெயர் எந்தப் படியில் வெளிவரும் என்ற மூன்றையும் ஒரே தாளில் நல்ல தமிழில் எழுதித் தோட்டந்தோறும் ஒட்டலாம். நம் மன்றத்தின் மாணவர்களே இதனைச் செய்ய முடியும். நமக்கு அந்த மாலையில் தேவைப்பட்டது அத்தாள் ஒன்றே.

எஞ்சி நிற்பது காலம் பற்றிய வினா. பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட பெயர் என்றும் நீங்கியதன்று. மீண்டும் சேர்க்கப்பட விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. அச்சுத்தாள் காலத்தில் பழைய அறிவிப்பு தானே மங்கிவிடும். இன்று இணையத்தில் பெயரைத் தட்டினால் இருபது ஆண்டு முன்னைய ஆணை முதலில் வந்து நிற்கிறது. மதுரையில் இதற்கு அண்மையான வழக்கு ஒன்று நடந்தது. குற்ற வழக்கில் விடுதலை பெற்ற ஒருவர், தீர்ப்பிலுள்ள தம் பெயரை இணையத்தில் மறைக்குமாறு வேண்டினார். 2021இல் சென்னை உயர்நீதிமன்றத் தனிநீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதி அமர்வு இசைந்தது. அவ்வாண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம் அம்முடிவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. விடுதலை பெற்றவர் நிலையே இதுவாயின், தண்டனை முடித்துத் திரும்பிய வழக்கறிஞரின் நிலை இன்னும் கடினம். பழைய ஆணையை அழிப்பதை நாம் ஏற்கமாட்டோம். அந்தப் பெண்மணியின் மகள் ஒருநாள் அதனைத் தேடிப் பார்க்கக்கூடும். ஆனால் பெயர் மீண்டும் சேர்க்கப்பட்டிருப்பின், சேர்த்த நாளும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.